ஏற்றத்தில் அறுத்த வலை

வலையை அறுத்தது அடைக்கலசாமி. அதை அவர் மறைக்கவில்லை. பட்டப்பகலில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் அரிவாளோடு வடிகால் கரையில் நடந்துபோய் ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்தார். பிறகு மதகுப் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய் அந்தப் பக்கத்தையும் அறுத்தார்.

மழை விட்டும் அவருடைய வயலில் தண்ணீர் வடியவில்லை. சம்பா தொண்டைக்கதிரில் நின்றது. கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருக்கும் பருவம். இந்த நேரத்தில் பயிர் மூழ்கிக் கிடந்தால் வெளியே வருவது நெல்லாக இருக்காது, பதராக இருக்கும். வடிகாலில் தண்ணீர் அசையாமல் நிற்பதற்கு அந்த வலைதான் காரணம் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே, அந்த வடிகால் கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கிறது மதகு. மூன்று கண். கண்ணுக்கு ஓர் இரும்பு ஷட்டர். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் வயல் பக்கம் வராமல் ஷட்டரை இறக்குவார்கள். கடல் வற்றும்போது மழைத் தண்ணீர் வெளியே போக ஷட்டரைத் தூக்குவார்கள். மதகைத் தாண்டி, கடல் பக்கத்தில், கடற்கரைத் தெருக்காரர்கள் வடிகாலுக்குக் குறுக்கே பழைய இழுவலையைக் கட்டியிருந்தார்கள். மிதப்புக்குக் காலி கேன்கள். திருவாரூரில் தொடங்கி வழியிலுள்ள ஊர்களெல்லாம் வாய்க்காலில் போடுகிற பால் கவர், தண்ணீர் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், கல்யாண மண்டபத்துக் கப் எல்லாம் அந்த வலையில் வந்து நிற்கும். வலை இல்லாத காலத்தில் அவை நேராகக் கடலுக்குப் போயின. படகின் காற்றாடியில் சுற்றிக்கொண்டன. இறால் வலையை இழுத்தால் பாதி இறால், பாதி கவர். கிழிந்த வலைகளை நடுக்கடலில் வீசிவிட்டு வருகிற வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, வீடு வீடாக ஏறிச் சண்டை போட்டு அந்தப் பழைய வலைகளை வாங்கி வந்து தைத்தவள் ஜீவிதா. மீன் விற்கிறவள். அவளுடைய வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் கொடுத்தார்கள்.

வலையில் சேர்வதை வாரம் ஒருமுறை கரையில் அள்ளிப் போடுவதாகப் பேச்சு. வெயில் காலத்தில் அள்ளினார்கள். மழை பிடித்ததும் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து வலை சுவராகிவிட்டது. அடைக்கலசாமி கடற்கரைத் தெருவுக்குப் போன் செய்தார். மழை விடட்டும் என்றார்கள். மழை விட்டது. அப்போதும் யாரும் வரவில்லை. அவர் அரிவாளை எடுத்தார்.

அறுத்துவிட்டுத் தண்ணீர் கடலுக்கு ஓடுவதைப் பார்க்க மதகுப் பாலத்தின் மேல் நின்றார். அவருக்குத் தெரிந்த தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிற தண்ணீர். மேட்டூரில் திறப்பார்கள், கல்லணையில் பிரிப்பார்கள், கடைசியில் இவரிடம் வரும், மிச்சம் கடலுக்குப் போகும். கடல் ஏறும், வற்றும் என்பது தெரியாதவர் அல்ல. ஆனால் அது ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சபரிநாதனின் பாடு என்று விட்டிருந்தார். அறுக்கிற அவசரத்தில் கடல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. பௌர்ணமி நாளின் பெரிய ஏற்றம். கடலிலிருந்து வீசும் கொண்டல் காற்று வேறு. அறுபட்ட வலை, அது பிடித்து வைத்திருந்த அத்தனையையும் இழுத்துக்கொண்டு, கிழக்கே போகாமல் மேற்கே திரும்பி, மதகை நோக்கி மெதுவாக வந்தது.

சபரிநாதன் ஓடிவந்தார். ஓரத்து ஷட்டர் இரண்டையும் இறக்கிவிட்டார். நடு ஷட்டர் பாதியில் நின்றது. வலையும் குப்பையும் அதற்குள் புகுந்து அடைத்துக்கொண்டன. கீழே முழங்கால் உயரத்துக்கு இடைவெளி. அது இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. இடைவெளி வழியாகக் கடல் வயல் பக்கம் பாய்ந்தது.

அடைக்கலசாமி வயல் பக்கத்துப் படியில் இறங்கி, தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்தார். துப்பினார். அவருடைய மடை மழையில் உடைந்து கிடந்தது. வடிகாலில் ஏறுகிற தண்ணீர் நேராக வயலுக்குள் போகும். மழைத் தண்ணீரில் மூழ்கினால் இந்தப் போகம் போகும். உப்பு ஏறினால் நிலமே போகும்.

சபரிநாதன் போன் செய்த சற்று நேரத்தில் ஜீவிதா புருஷனின் பைக்கில் வந்து இறங்கினாள்.

"யாரு அறுத்தது?"

"நான்தான்," என்றார் அடைக்கலசாமி.

"எந்த நேரத்துல அறுத்தீங்க?"

"நேரமென்ன நேரம்? பயிரு முங்கிக் கெடக்கு. பஞ்சாங்கம் பாத்துட்டா அறுப்பாங்க?"

"ஏத்தத்துல அறுத்திருக்கீங்க. வத்தத்துல அறுத்திருந்தா எங்க கடலு நாறியிருக்கும். ஏத்தத்துல அறுத்து ஒங்க மதக நீங்களே அடைச்சிக்கிட்டீங்க. கெடுக்கிறதக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியல."

"வாராவாரம் அள்ளுறேன்னீங்களே, அள்ளுனீங்களா? மழை புடிச்சதும் இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டு, இப்ப சட்டம் பேச வந்துட்டா."

"அது சரிதான்ண்ணே. நாங்க அள்ளல," என்றான் பகலவன். ஜீவிதாவின் புருஷன். அவன் இவர்கள் முகத்தையே பார்க்கவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, நடுக்கண்ணில் தண்ணீர் சுழித்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "லஸ்கர் அண்ணே, இந்தப் பக்கம் வலை எங்க மாட்டியிருக்கு?"

"ஷட்டருக்கு அடியில. ஷட்டர் ஏறி எறங்குற ஓரத்துக் காடிக்குள்ளயும் போயிருக்கு. மேல இருந்து கம்பு விட்டுப் பாத்துட்டேன், அசைய மாட்டேங்குது."

"அப்ப எறங்கித்தான் அறுக்கணும்."

நடுக்கடலில் காற்றாடியில் வலை சுற்றினால் இறங்கி அறுப்பவன் அவன்தான். அதனால் அவன் சொன்னது யாருக்கும் வீரமாகப் படவில்லை. ஆனால் காற்றாடியை நிறுத்திவிட்டு இறங்கலாம். கடலை நிறுத்த முடியாது. முடிச்சு இருப்பது கடல் பக்கத்தில். அங்கே இறங்குகிறவனைத் தண்ணீர் ஷட்டருக்கு அடியில் இழுக்கும்.

சபரிநாதன் இன்னொன்றையும் சொன்னார். "குப்பை தாங்கிப் புடிச்சிருக்கிறதாலதான் ஷட்டர் நிக்குது. நீ அறுத்துட்டீன்னா அவ்வளவு எடையும் ஹேண்டிலுக்கு வந்துரும். பூட்டுப் பல்லு தேஞ்சு போச்சு, நிக்காது. ஒரு ஆளு புடிச்சிக்கிட்டே இருக்கணும். எனக்குத் தோள்ல ஆபரேஷன். என்னால முடியாது."

மூன்று பேரும் அடைக்கலசாமியைப் பார்த்தார்கள். உழுகிறவரின் தோள் அவருக்கு.

"அவரு வேணாம்," என்றாள் ஜீவிதா.

"வேற யாரு இருக்கா?" என்றான் பகலவன்.

"நம்ம தெருவுல போய் ஆளு கூட்டிட்டு வரேன்."

"அதுக்குள்ள கடலு நடு வயலுக்குப் போயிரும்மா," என்றார் அடைக்கலசாமி.

"பாத்தீங்களா?" அவள் புருஷனிடம் திரும்பினாள். "அவரு வயலு அந்தப் பக்கம் இருக்கு. ஷட்டர் எறங்குனா அவருக்கு லாபம். நீங்க அடியில இருக்கீங்களா இல்லையான்னு பாத்துக்கிட்டா இருப்பாரு?"

அவள் சொன்னது தவறு என்று அடைக்கலசாமிக்கே உறுதியாகத் தெரியவில்லை.

பகலவன் சட்டையைக் கழற்றினான். கயிற்றின் ஒரு முனையை மார்பைச் சுற்றிக் கட்டினான். அவர்கள் தெருவில் தண்ணீருக்குள் இறங்குகிறவனின் கயிறு, அவன் பெண்டாட்டியின் அண்ணன் இடுப்பிலோ தம்பி இடுப்பிலோதான் இருக்கும். கயிறு போனால் அதைப் பிடித்தவன் தன் கூடப்பிறந்தவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. ஜீவிதாவின் தம்பி குவைத்தில் இருந்தான். அவள் கயிற்றின் மறுமுனையை எடுத்துக்கொண்டு நேராக அடைக்கலசாமியிடம் வந்து, அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இறுக்கினாள்.

"என்னம்மா பண்ற?"

"ஷட்டர் ஒங்க கையில. அவரு உசிரு அதுக்கு அடியில. கயிறும் ஒங்ககிட்டயே இருக்கட்டும். அவரு போனா நீங்களும் போவீங்க."

"என்ன நம்பல நீ."

"இல்ல."

பகலவன் சிரித்தான். "அண்ணே, இன்னைக்கு ஒரு நாளு நீங்கதான் எனக்கு மச்சான். சீர்வரிசையெல்லாம் அப்பறமாப் பேசிக்கலாம்." கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினான்.

அடைக்கலசாமி கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இரும்புத் தூணுக்குப் பின்னால் காலை ஊன்றி நின்றார். கயிறு தூணைச் சுற்றி, பாலத்தின் விளிம்பைத் தாண்டிக் கீழே போயிற்று. ஜீவிதா விளிம்பில் மண்டியிட்டு ஒரு கையைக் கயிற்றின் மேல் வைத்திருந்தாள்.

முதல் தடவை பகலவன் மேலே வந்தபோது ஒரு கை நிறைய கவர்களை எடுத்து வந்து பாலத்தின் மேல் வீசினான். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப இறங்கினான். அடுத்த தடவை உரச்சாக்கு. அதற்குள் பூச்சிமருந்து பாட்டில் ஒன்று. ஜீவிதா அந்த பாட்டிலை எடுத்து அடைக்கலசாமியின் காலடியில் போட்டாள்.

"இது எந்தக் கடல்ல வெளைஞ்சது?"

கொஞ்ச நேரத்தில் நீல நைலான் வலைத்துண்டு ஒன்று பந்தாக வந்து விழுந்தது. கடலில் வெகுகாலம் கிடந்து, கிளிஞ்சல் ஒட்டியிருந்தது. மழைப் புயலில் முகத்துவாரத்துக்கு அடித்து வந்திருக்க வேண்டும்.

"அது எந்த வயல்ல வெளைஞ்சது?" என்றார் அவர்.

"வாய மூடிட்டு ஹேண்டில புடிங்க ரெண்டு பேரும்," என்றார் சபரிநாதன். அவள் கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

வயல் பக்கம் தண்ணீர் ஏறுவது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மடையின் ஓரத்தில் நின்ற கோரை முழுகிக்கொண்டிருந்தது. அடைக்கலசாமி பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார்.

பகலவன் மறுபடி இறங்கினான். இந்தத் தடவை நேரமாயிற்று. இடுப்பில் கயிறு சின்னச் சின்னதாகத் துடித்தது. அறுக்கிறான் என்று அர்த்தம். பிறகு கைப்பிடியில் ஒரு நடுக்கம் வந்தது. அடைத்துக்கொண்டிருந்தது ஏதோ விட்டது. திடீரென்று ஷட்டரின் முழு எடையும் அவர் தோளுக்கு வந்தது. பல்லைக் கடித்துத் தாங்கினார்.

ஷட்டர் இப்போது அவருக்குக் கட்டுப்பட்டது. மேலே சுற்றினால் ஏறும். கையைத் தளர்த்தினால் இறங்கும். இறங்கினால் கடல் நிற்கும், வயல் மிஞ்சும். இடுப்பில் கயிறு அசையாமல் இருந்தது. ஒருவேளை அவன் வெளியே வந்திருப்பான். ஒருவேளை தள்ளி நிற்பான். ஒருவேளை என்று நினைப்பதற்கு அவருக்கு நிறையக் காரணம் இருந்தது.

அவர் கை ஒரு பல் அளவுக்குத் தளர்ந்தது. டக் என்று சத்தம் கேட்டது.

இடுப்புக் கயிறு வெட்டி இழுத்தது. தூணில் மார்பு மோதியது. கயிறு ஒரு தடவை துடித்தது, பிறகு இறுகி நின்றது. தளரவும் இல்லை, துடிக்கவும் இல்லை.

ஜீவிதா திரும்பினாள். அந்தச் சத்தத்தை அவளும் கேட்டிருந்தாள். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"மாட்டிக்கிட்டாரு. தூக்குங்க."

"தூக்குனா கடலு முழுசா உள்ள வந்துரும்மா."

அதை அவர் சொன்னார். பிறகு எவ்வளவு யோசித்தாலும், முதலில் வாயில் வந்தது அதுதான்.

"வரட்டும். தூக்குங்கண்ணே!"

அவர் வயல் பக்கம் பார்த்தார். சம்பா பச்சையாக நின்றது. வாய்க்குள் மாதாவே என்று சொல்லிக்கொண்டு கைப்பிடியை மேல்நோக்கிச் சுற்றினார். எடை நகரவில்லை. மறுபடி இழுத்தார். சபரிநாதன் ஓடிவந்து ஆபரேஷன் செய்த தோளையே கொடுத்து முட்டினார். ஒரு பல். இன்னொன்று. இன்னொன்று. கீழே தண்ணீரின் சத்தம் மாறியது. இடைவெளி பெரிதானதும் அடைத்துக்கொண்டிருந்த அத்தனை குப்பையும், வலையும், கடலும் ஒன்றாக வயல் பக்கம் புகுந்தன.

கயிறு அவரைத் தூணோடு சேர்த்து நசுக்கியது. மூச்சு நின்றது. கயிற்றின் மறுமுனை பாலத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது என்பது மட்டும் புரிந்தது.

ஜீவிதா பாலத்தைக் குறுக்கே ஓடி மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். வெறும் குப்பை. கப்புகளும் கவர்களும் நுரையும். அதற்கு நடுவில் ஒரு கை வந்தது. பிறகு தலை. தலையில் ஒரு பால் கவர் ஒட்டியிருந்தது. அவள் படியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று அவன் முடியைப் பிடித்து இழுத்தாள்.

"கயித்த அறுங்க! ஷட்டர எறக்குங்க!" என்று அங்கிருந்து கத்தினாள்.

சபரிநாதன் அரிவாளால் அடைக்கலசாமியின் வயிற்றுக்கு முன்னால் கயிற்றை வெட்டினார். அது பாம்பு போல ஓடிப்போயிற்று. அடைக்கலசாமி கைப்பிடியை விட்டார். நடு ஷட்டர் தடதடவென்று இறங்கித் தளத்தில் மோதியது. பாலம் அதிர்ந்தது. கடல் நின்றது.

பகலவன் படியில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினான். முதுகில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு நீளமான கீறல். இரும்பு கிழித்தது. தோல் சுருண்டு கிடந்தது. பேச முடிந்ததும் அவன் அடைக்கலசாமியைத்தான் பார்த்தான்.

"ஷட்டர் ஒரு தடவ எறங்குச்சுண்ணே. வெளிய வரப் பாத்தேன், முதுக அமுக்கிருச்சு."

"பல்லு வழுக்கியிருக்கும்ப்பா," என்றார் சபரிநாதன் அவசரமாக. "தேஞ்ச பல்லு."

யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் அது அப்படியே முடிந்திருக்கும்.

"வழுக்கல," என்றார் அடைக்கலசாமி. "நான்தான் எறக்குனேன்."

பகலவன் அவரையே பார்த்தான். பிறகு திரும்பவும் கக்கினான். ஜீவிதா எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று சபரிநாதன் நினைத்தார். அடைக்கலசாமியும் அப்படித்தான் நினைத்தார், தள்ளி நிற்கவில்லை. அவள் அவர் இடுப்பில் மிஞ்சியிருந்த கயிற்றைப் பார்த்தாள். முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது.

"தூக்கவும் செஞ்சீங்க," என்றாள். அது மன்னிப்பாக இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

வயல் போய்விட்டதா என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. தாழ்ந்திருந்த நடு வயல் முழுவதும் தண்ணீர் பளபளத்தது. பயிருக்கு நடுவே வெள்ளைக் கப்புகள் மிதந்தன.

மதியத்துக்கு மேல் காற்று விழுந்தது. கடல் வற்றத் தொடங்கியது. உப்புத் தண்ணீர் பயிரில் எவ்வளவு குறைவான நேரம் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. ஷட்டரைத் தூக்கினால் வடிந்துவிடும். அடைக்கலசாமி பாலத்தில் ஏறினார். கைப்பிடிக்கு முன்னால் ஜீவிதா உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிம்மா. வத்தம் ஆரம்பிச்சிருச்சு. தண்ணி வடியணும்."

"குப்பை எல்லாம் இப்ப உள்ள நிக்குது. தொறந்தா அவ்வளவும் கடலுக்குப் போயிரும்."

"ஒவ்வொரு நிமிஷமும் பயிரு வேகுது."

"தெரியும். மொதல்ல அள்ளுங்க."

"நீ எங்கிட்ட பேரம் பேசுற."

"ஆமா. அவரு முதுகக் காட்டிப் பேசுறேன்."

அவர் அவளைத் தூக்கி எறிந்திருக்கலாம். அதற்கான பலம் இருந்தது. அவர் திரும்பிப் படியில் இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் நின்று, மிதந்துகொண்டிருந்த வலையின் நுனியைத் தேடிப் பிடித்தார். அது நகரவில்லை. தனி ஆளால் முடிகிற வேலையில்லை. தன் மகள் பிரின்ஸிக்குப் போன் செய்து, பக்கத்து வயல்காரர்களையெல்லாம் கூட்டிவரச் சொன்னார். ஜீவிதா உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் தெருவுக்குப் போன் செய்தாள்.

இரண்டு பக்கமும் ஆட்கள் வந்தார்கள். திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். "ஒங்க குப்பை", "ஒங்க குப்பை" என்று இரண்டு கரையிலிருந்தும் கேட்டது. கடற்கரைக்காரர்கள் அறுபட்ட வலையை மதகுக்கு உள்பக்கமாகக் குறுக்கே விரித்து, கரைவலை இழுப்பதுபோல் இரண்டு நுனியையும் ஒரே கரைக்குக் கொண்டுவந்தார்கள். வயல்காரர்களுக்கு அந்த இழுப்பின் தாளம் பிடிபடவில்லை. எல்லோரும் ஒன்றாக இழுக்கும்போது இவர்கள் விட்டார்கள், விடும்போது இழுத்தார்கள். "நாத்துப் பறிக்கிற மாதிரி இழுக்காதீங்கய்யா" என்று ஒருவன் கத்தினான். குப்பை கரையேறியது. மேடாக எழுந்து நின்று நாறியது. ஜீவிதா எழுந்து வழிவிட்டாள்.

ஷட்டர் ஏறியதும் தண்ணீர் கிழக்கே ஓடியது. வலைக்குத் தப்பிய சில்லறைகள் அதோடு போயின. ஷாம்பு பாக்கெட்டுகள், ஸ்ட்ராக்கள், தெர்மாகோல் தூள். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் பிடிக்கிற கண்ணி எந்த வலையிலும் கிடையாது. போடுகிற கையை நிறுத்தினால்தான் உண்டு. அந்தக் கை திருவாரூர் வரைக்கும் நீண்டிருந்தது.

பொழுது சாயும்போது அடைக்கலசாமி நடு வயலுக்குள் இறங்கினார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. குனிந்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. காலையில் கரித்த அளவுக்கு இல்லை. நல்ல தண்ணீர் விட்டு அலசி, திரும்பத் திரும்ப வடித்தால் பாதிப் பயிராவது நிற்கலாம். நிற்காமலும் போகலாம்.

வரப்பில் ஏறிக் கரைக்கு வந்தார். பகலவனைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஜீவிதா கிளம்பிக்கொண்டிருந்தாள். அவன் முதுகில் அவளுடைய துப்பட்டா கட்டியிருந்தது.

"ஏம்மா, அடுத்த வத்தம் எப்ப?"

"ஏன், இன்னொரு வலைய அறுக்கவா?"

"வடிக்கணும். இன்னும் உப்பு நிக்குது."

அவள் கடல் பக்கம் பார்த்தாள். "நடு ராத்திரிக்கு மேல, விடியிற வரைக்கும். வரும்போது டிராக்டர் கொண்டாங்க. இந்த மேட்ட அள்ளாம ஷட்டர்ல கை வைக்க விடமாட்டேன்."

"டிராக்டர் இந்தச் சேத்துல எறங்காதும்மா."

"அப்ப தலையில சொமங்க," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினாள்.